பத்து விரல் மடியும் வரை

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். இருபது வருடங்களுக்கு மேலாக லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரம் ஓட்டுகிறவன் நான். தோட்டங்களில் இருந்து அச்சுவேலிச் சந்தைக்கு வெங்காய மூட்டை ஏற்றுவது தொழில். இறங்கி நின்ற பிறகும் அதன் கைப்பிடி நடுக்கம் விரல்களை விட்டுப் போவதில்லை. எழுத்துகள் கோட்டில் நிற்காமல் ஏறி இறங்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு. எந்த ‘ர’ எங்கே வரும் என்று இன்றைக்கும் நிச்சயமில்லை. மகளின் பழைய கொப்பியில் மிஞ்சிய தாள்களில் எழுதுகிறேன். பிழை கண்டால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வளவு வீட்டில் இருந்த அக்கா இறந்துவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும் என்று அவருடைய தம்பி வந்தார். இறந்தவரின் படம், தேவாரம், சொந்தங்களின் பெயர்கள், தெரிந்தவர்கள் எழுதித்தரும் இரண்டொரு பக்கம், எல்லாவற்றையும் சேர்த்து அச்சடித்து, அன்று சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம்.

“நீங்கள் அடுத்த வளவு. அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கோவன்,” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். எனக்கு ஆட்டத்தான் வரும்.

எழுதிக் கொடுக்கவில்லை. கல்வெட்டு அச்சாகி வந்துவிட்டது. அதில் ‘அதிகம் கதைக்காத, அமைதியான சுபாவம் கொண்டவர்’ என்று போட்டிருந்தது. சோற்றுக்கு முன்னால் இருந்து அதை வாசித்தேன். பிறகு சாப்பிட முடியவில்லை. அக்கா கதைக்காமல் இருந்தது கடைசி ஆறு வருடம்தான். அதற்கு முதல் அவர் எப்படி இருந்தார் என்று எழுதவேண்டியவன் நான். பெயரை எழுதமாட்டேன். அது கல்வெட்டில் பெரிய எழுத்தில் இருக்கிறது. என் தாளில் வருவதற்கு அவர் சம்மதித்திருக்கமாட்டார்.

அக்காவை நினைத்தால் அவருடைய விரல்கள்தான் முதலில் வரும். ஒரு பிள்ளையிடம் எதையாவது கேட்டால், கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். இடது கைச் சின்னவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடக்குவார். அது முடிய வலது கை. பத்தும் மடிந்து பதில் வராவிட்டால் விரல்களை விரித்து, அதே கேள்வியை அதே குரலில் திரும்பவும் கேட்பார். இடையில் யாராவது பிள்ளைக்காகப் பதில் சொன்னால் பார்க்காமலே கையை உயர்த்தி மறிப்பார். எங்கள் ஊரில் பிள்ளையிடம் பெயரைக் கேட்டால் தாய்தான் சொல்லுவாள். பிள்ளை தாயின் சட்டைக்குள் முகத்தை ஒளிக்கும். அக்காவுக்கு அது பொறுக்காது.

ஒருநாள் சந்திக் கடையில் பார்த்தேன். ஒரு சின்னப் பெட்டை பையோடு வந்து நின்றாள். கடைக்காரர் அவசரத்தில், “என்ன, சீனியோ? தேயிலையோ? கெதியாச் சொல்லு,” என்றார்.

“முதலாளி, பொறுங்கோ. அவள் சொல்லுவாள்,” என்று அக்கா விரலை மடக்கத் தொடங்கிவிட்டார்.

பின்னால் நாலு பேர் நின்றார்கள். கடைக்காரருக்குச் சிரிப்பும் எரிச்சலும். “நீ விரல் மடக்கி முடிய நான் கடை பூட்டுற நேரம் வந்திடும், தங்கச்சி.”

“பூட்டுங்கோவன். அவள் உள்ளுக்கை நிண்டு சொல்லுவாள்.”

ஒன்பதாவது விரலில் அந்தப் பெட்டை, “கால் கிலோ பருப்பு, மைசூர்ப் பருப்பு,” என்றாள். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்பு. கடைக்காரர் பருப்போடு ஒரு ரொபி இனிப்பும் எடுத்துக் கொடுத்தார்.

அவர் ஏன் அப்படி என்று கேட்கிற துணிவு எனக்கு இல்லை. அவராகத்தான் ஒருநாள் சொன்னார்.

“சின்னனிலை எனக்கு வாய் திக்கும், தம்பி. ‘த’ எண்டு நான் தொடங்க, தண்ணியோ, தயிரோ, தாளோ எண்டு நாலு பேர் நாலு பக்கத்தாலை சொல்லுவினம். நான் கூப்பிட வந்தது என்ரை தம்பியை. ஆனால் அவையள் தண்ணியைக் கொண்டு வந்து நீட்டுவினம். வாங்கிக் குடிச்சுப்போட்டுப் போவன். எத்தினை செம்பு தண்ணி குடிச்சிருப்பன் தெரியுமோ?”

சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

பெரியவளான பிறகு திக்கு நின்றுவிட்டது. கோபம் வந்தால், அல்லது நெஞ்சு பதறினால் மட்டும் முதல் எழுத்தில் கொஞ்சம் இடறும். கலியாணம் கட்டவில்லை. தம்பியின் குடும்பத்தோடு இருந்தார். அவர்களுடைய வளவுக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் தென்னோலைக் கிடுகு வேலி. அதில் ஓர் ஆள் குனிந்து வரக்கூடிய ஓட்டை இருந்தது, பொட்டு என்போம். அக்கா அதால்தான் வருவார்.

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல வழியில்லை.

என் மனைவியின் தமையன் கனடாவில். எங்கள் மூன்று பேரையும் அங்கே எடுப்பிக்கிறேன் என்று சொல்லியிருந்தார். மகள் சாருஜாவுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது போனில் ஓர் உத்தரவு போட்டார். “பிள்ளையோடை தமிழ் கதையாதேங்கோ. ரெண்டு பாஷை போட்டால் மண்டை குழம்பிப்போம். இஞ்சை வந்தால் இங்கிலீசுதான். இப்பவே பழக்குங்கோ. போனிலை பாட்டுப் போட்டுவிடுங்கோ, தன்ரை பாட்டிலை பழகுவாள்.”

எனக்கோ மனைவிக்கோ இங்கிலீசு தெரியாது. ஆகவே மகளோடு கதைப்பதை நிறுத்தினோம். இப்படி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். சாப்பிட வா என்பதற்குக் கையைக் காட்டுவோம். கூடாது என்பதற்குத் தலையை ஆட்டுவோம். அவள் காதில் விழக்கூடாது என்று நானும் மனைவியும் கிணற்றடியில் போய்க் கதைத்தோம். அரிசி போட்டுவைக்கும் பேணியில் சாத்திவைத்த போன் நாள் முழுவதும் இங்கிலீசில் பாடிக்கொண்டிருக்கும். மகள் அதன் முன்னால் வாயைத் திறந்தபடி இருப்பாள். மனைவிக்கு அது கஷ்டமாக இருந்தது, ஒளித்து ஒளித்து அழுதாள். எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. கதைக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது.

மூன்று வயதிலும் மகள் கதைக்கவில்லை. ஒரு பாட்டு முடியும் இடத்தில் சேர்ந்து ஒரு சத்தம் போடுவாள். அவ்வளவுதான். கிளினிக்கில் தாதி மிஸ்ஸி, “வீட்டிலை பிள்ளையோடை கதையுங்கோ, விளையாடுங்கோ,” என்றார். மனைவி ஓம் என்றாள். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து போனைப் போட்டுவிட்டோம்.

அக்கா ஒருநாள் மா அரிக்க அரிதட்டுக் கேட்டு வந்தார். மகளைப் பார்த்து, “உங்கடை அரிதட்டு எங்கை, குஞ்சு?” என்று கேட்டு விரலை மடக்கினார். மகள் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தும் மடிந்தது. திரும்பக் கேட்டார். திரும்பவும் பத்து. மூன்றாம் தரம் முடிந்ததும் அக்கா நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

“உங்கடை வீட்டிலை ஒருத்தரும் கதைக்கிறேல்லையோ?”

மனைவி காரணத்தைச் சொன்னாள்.

“உமக்கு இங்கிலீசு தெரியுமோ?”

“இல்லை, அக்கா.”

“தம்பிக்கு?”

நான் நிலத்தைப் பார்த்தேன்.

“அப்ப ஆர்தான் அவளோடை கதைக்கிறது?”

மனைவி அரிசிப் பேணியைக் காட்டினாள். அக்கா போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உது கேள்வி கேட்குது. ஆனால் பதிலுக்கு நிக்குதில்லையே, பிள்ளை. அடுத்த பாட்டுக்கு ஓடுது,” என்றார்.

அன்றுதொட்டுப் பின்னேரங்களில் மகளைப் பொட்டால் அந்தப் பக்கம் அனுப்பினோம். கனடா அண்ணைக்குச் சொல்லக்கூடாது என்று மனைவி சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

அக்காவிடம் விளையாட்டுச் சாமான் என்று எதுவும் இல்லை. ஒரு சுளகு, அதன்மேல் ஐந்து சாமான்: வெங்காயம், நெருப்புப்பெட்டி, பூட்டுத் திறப்பு, அகப்பை, செத்தல் மிளகாய். பிள்ளை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கும். பிறகு துவாயால் மூடி, ஒன்றை எடுத்து மடிக்குள் ஒளித்துவிட்டு, “எதைக் காணேல்லை?” என்பார். பிறகு விரல். முதல் கிழமை மகள் துவாயைத்தான் இழுத்தாள். இரண்டாம் கிழமை அக்காவின் மடியைக் காட்டினாள். மூன்றாம் கிழமை, பொட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்தது: “திறப்பு.” என் மகளின் குரல் எப்படி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதைவிட அவளுக்குப் பிடித்தது பிழை சொல்லும் விளையாட்டு. தேநீர் குடிக்கும் பேணியை நீட்டி அக்கா, “இந்தா, செருப்பு,” என்பார். மகள் முழிப்பாள். பிறகு, “இல்லை! பேணி!” என்று கத்துவாள். “அப்ப இது?” என்று செருப்பைக் காட்டினால், “அது பேணி!” என்று அவளே பிழை சொல்லிவிட்டு உருளுவாள். யாருக்கு யார் பிழை சொல்லுகிறார்கள் என்று தெரியாமல் இரண்டு பேரும் சிரிப்பார்கள். நாலு வயது ஆகும்போது வளவில் இருந்த எல்லாவற்றுக்கும் அவள் இரண்டு பெயர் வைத்திருந்தாள். ஒன்று சரியானது, ஒன்று சிரிப்பதற்கு. பிடித்தவர்களிடம் மட்டும்தான் சிரிப்புப் பெயரைச் சொல்லுவாள்.

என்னையும் அக்கா விடவில்லை. ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்து இறங்க, பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, “தம்பி, கையைக் கழுவிப்போட்டு வாரும். உமக்கும் வேலை இருக்கு,” என்றார். போனேன். கையைப் பின்னால் கட்டச் சொல்லி எதையோ வைத்தார். “பேரைச் சொல்லாமல் இதைப் பற்றிச் சொல்லும். பிள்ளை கண்டுபிடிக்கட்டும்.”

தொட்டவுடனே தெரிந்தது, வெங்காயம். விடிந்தது முதல் நான் ஏற்றி இறக்குகிற சாமான். அதைப் பற்றிச் சொல்ல என் வாயில் ஒரு சொல் இல்லை. மகள் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா மடக்கிக்கொண்டே போனார். எட்டாவது விரலில், “சிவப்பு,” என்றேன்.

“பிறகு?”

“தோல் இருக்கும்.”

“பிறகு?”

“இதை வெட்டினால் அம்மா அழுவா.”

“வெங்காயம்!” என்று மகள் என் காலைக் கட்டிப்பிடித்தாள்.

“பாரும், உமக்கும் வாய் இருக்கு. இவ்வளவு காலமும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீர்?” என்று அக்கா கேட்டார். என் நாற்பது வயதில், என் வாயில் இருந்து சொல் வருமட்டும் காத்து நின்ற ஆள் அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் காத்து நிற்கவில்லை. கலியாணப் பேச்சில்கூட எனக்காக மாமாதான் ஓம் சொன்னார்.

அந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு மனைவியின் தமையன் வந்தார். வீடு நிறையச் சாவகச்சேரிச் சொந்தக்காரர். மச்சான் கதிரையில் இருந்து, பெரிய சொக்லேட் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

“வட் இஸ் யுவர் நேம்?”

மகள் சிரித்தாள். அவளுக்கு மாமாவைப் பிடித்துப்போயிற்று. பிடித்தபடியால் விளையாட வந்தாள். நேரே போய், பெட்டியில் கையை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “செருப்பு!” என்றாள்.

மகள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். யாராவது “இல்லை, சொக்லேட்” என்று சொல்லவேண்டும் என்று அவள் காத்து நின்றது எனக்குத் தெரிந்தது. மச்சானின் முகம் கறுத்தது.

“கனடாவிலை இருந்து காவிக்கொண்டு வாறன், எனக்குச் செருப்போ? ஆர் உவளுக்கு உதைப் பழக்கினது?”

மனைவி பயத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அக்காவும் மச்சானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

“உந்தத் திக்குவாய்க்காரியிட்டையோ பிள்ளையை விட்டனியள்? விசரோ உங்களுக்கு? அது தொத்துமடி! நாளைக்கு இவளும் த… த… எண்டு கொண்டு நிப்பாள்.”

சத்தம் கேட்டு அக்கா பொட்டால் வந்துவிட்டார். கையில் சுளகு. பின்னேர விளையாட்டுக்கு எடுத்து வைத்திருந்திருக்கவேண்டும். அவர் மச்சானைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“த… த…”

“என்ன, தண்ணியோ? தயிரோ?” என்றார் மச்சான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அக்கா கண்ணை மூடித் திறந்தார். “தம்பி. நீர் சொல்லும். பிள்ளை என்னட்டை வரலாமோ, வரக்கூடாதோ?”

சுளகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சின்னவிரலை மடக்கினார்.

எனக்குப் பதில் தெரியும். வெங்காயம் மாதிரி, தொட்டவுடனே தெரியும். ஒரு சொல் போதும். ஓம் என்றால் போதும். மச்சானின் கால் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கனடாவை நினைத்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்திருந்தாள். ஐந்து மடிந்தது. வலது கை தொடங்கியது. மகளும் அந்த விரல்களைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு. ஒன்பது. பத்து.

அக்கா விரல்களை விரித்தார். யாரிடமும் கேள்வியை இரண்டாம் தரம் கேட்காமல் விட்டவர் அல்ல. என்னிடம் கேட்கவில்லை. திரும்பிப் பொட்டால் குனிந்து போய்விட்டார்.

அடுத்தநாள் காலை மச்சான் சொன்னபடி அந்தப் பொட்டைத் தகரம் வைத்து அடைத்தேன். நாலு மூலைக்கும் நான்தான் ஆணி அடித்தேன்.

பின்னேரம் மகள் பேணியை எடுத்துக்கொண்டு தகரத்தடிக்குப் போனாள். தட்டிப் பார்த்தாள். பேணியைத் தகரத்துக்குக் காட்டி, “செருப்பு,” என்றாள். கொஞ்சம் நின்றாள். திரும்பவும், “செருப்பு,” என்றாள். அந்தப் பக்கம் ஆள் நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. மூச்சு மட்டும். பிறகு மகள் திரும்பி, பின்னால் நின்ற என்னிடம் பேணியை நீட்டினாள்.

“செருப்பு, அப்பா.”

“இல்லை, பேணி” என்று சொல்லியிருக்கலாம். உள்ளே மச்சான் இருந்தார். நான் விரலை வாயில் வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினேன். அவள் பேணியை நிலத்தில் வைத்துவிட்டுப் போய்ப் போனுக்கு முன்னால் இருந்தாள். அன்றைக்குப் பிறகு எந்தச் சாமானுக்கும் அவள் இரண்டு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்காவும் மாறிப்போனார். கடையில் பிள்ளைகளிடம் கேட்கமாட்டார். சாமானைக் காட்டி வாங்கிக்கொண்டு போவார். ரோட்டில் என் லான்ட்மாஸ்டர் வந்தால் ஒதுங்கி நின்று, அது போனபிறகு நடப்பார். இரண்டு வருடத்தில் அவருடைய தம்பி வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினார். என் தகரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கனடா சரிவரவில்லை. ஒருநாள் மச்சான் போனில், “பேப்பர் ஓடேல்லை, பாப்பம்,” என்றார். பிறகு அந்தக் கதையே இல்லை. மகளுக்கு இப்போது பத்து வயது. வாசிப்பாள், எழுதுவாள், கேட்டால் ஓம், இல்லை சொல்லுவாள். வகுப்பில் கேள்வி கேட்டால் எழும்பி நிற்கிறாள், பதில் தெரிந்தாலும் சொல்லுகிறாள் இல்லை என்று அவளுடைய ரீச்சர் சொன்னார். “ஆரைப் போல?” என்று சிரித்துக்கொண்டு கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அந்தியேட்டி முடிந்து வந்த பின்னேரம், பேணியைக் கையில் எடுத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் போய் நின்றேன். “இந்தா, செருப்பு,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பேணியைப் பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டி விரல்களை மடக்கினேன். ஆறாவது விரலில் அவள் எழும்பி வெளியே போனாள். வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்துவந்து, என் காலடியில் சோடியாக வைத்துவிட்டு, புத்தகத்தோடு போய் இருந்தாள்.

மதிலடியில் அந்தத் தகரம் இன்னும் சாத்திக் கிடக்கிறது. கறல் பிடித்துவிட்டது, ஆணி ஓட்டை நாலும் தெரிகிறது.

அக்கா, நீங்கள் கேட்டது பிள்ளை வரலாமோ, வரக்கூடாதோ என்று.

ஓம். வரலாம்.

இதை எழுதியது அந்தியேட்டி கழிந்து பதினெட்டாம் நாள், ஆவணி ஒன்பது, செவ்வாய்க்கிழமை.